நாடகப் பிரதியைக் கணினியில் ஏற்றுவது: மேடை மேலாளருக்கு ஒரு கைக்குறிப்பு

நாடக ஆசிரியர் என் மேசையில் வைத்துவிட்டுப் போனது ஒரு 192 பக்க நோட்டு. முதல் நாற்பது பக்கம் நீல மை, பிறகு கறுப்பு, இடையிடையே சிவப்பில் அடித்தல் திருத்தல். மூன்றாம் காட்சியில் ஒரு வசனம் பக்கத்தின் அடியில் தொடங்கி, அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக மேலேறி, எதிர்ப்பக்கத்தின் தலையில் போய் முடிகிறது. “கடைப் பையனிடம் கொடுத்து டைப் அடித்து வாங்கிவிடுங்கள் அக்கா, நாளைக்கே ஒத்திகையைத் தொடங்கிவிடலாம்” என்றார். பையனிடம் நான் கொடுக்கவில்லை. நானே உட்கார்ந்தேன். ஆறு இரவுகள் ஆயின.

எனக்குச் சேலம் அம்மாப்பேட்டையில் டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், வாடகை ஒப்பந்தம் என்று பகல் முழுவதும் தமிழ்த் தட்டச்சுதான் பிழைப்பு. மாலை ஆறரைக்கு மேல் ஒரு சிறிய நாடகக் குழுவுக்கு மேடை மேலாளர். இருபத்தொரு வருடமாக இந்த இரண்டு வேலையும் சேர்ந்தே நடக்கின்றன. அதனால் புதிதாக இந்தப் பொறுப்புக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: பிரதியைக் கணினியில் ஏற்றுவது நம் வேலையா, ஆசிரியர் வேலையா, இல்லை வெளியில் காசு கொடுத்துச் செய்துகொள்ள வேண்டியதா?

ஆசிரியரிடம் ஏற்கெனவே மின்படி இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இருப்பதை மறுபடி அடிப்பது வீண் வேலை. கையெழுத்துப் பிரதி மட்டும்தான் இருக்கிறது என்றால், அதை வெளியில் கொடுக்காதீர்கள். நீங்களே தட்டச்சு செய்யுங்கள். வேகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நாளைக்கு ஒரு காட்சி போதும். அச்சில் வந்த நூலாக இருந்தால் அது வேறு கதை, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏன் நீங்களே செய்ய வேண்டும்? என் அப்பா தறிக்காரர். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். பழைய பாவு முடிந்து புதிய பாவு ஏற்றும்போது இழையோடு இழையைச் சேர்த்து ஒவ்வொன்றாகப் பிணைப்பார். அந்தப் பாவில் எந்த இழை நைந்திருக்கிறது, எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்பதெல்லாம் அப்போதே அவர் விரலுக்குத் தெரிந்துவிடும், சேலை இறங்குவதற்குப் பல நாள் முன்பாகவே. பிரதியைத் தட்டச்சு செய்வதும் அப்படித்தான். வாசிக்கும்போது கண் தாவிவிடும், விரலால் தாவ முடியாது. இரண்டாம் காட்சியில் மாமியார் கையில் சொம்போடு வெளியே போகிறாள், நான்காம் காட்சியில் அதே சொம்பு கூடத்தில் இருக்கிறது, நடுவில் யார் கொண்டுவந்து வைத்தார்கள்? இந்தக் கேள்வி எனக்கு ஒத்திகையில் வரவில்லை. தட்டச்சு செய்யும்போது, ‘சொம்பு’ என்ற சொல்லை இரண்டாம் முறை அடிக்கையில் வந்தது. ஆசிரியருக்கு அன்று இரவே போன் செய்தேன். மறுநாள் ஒரு சிறுமி பாத்திரம் அந்தச் சொம்பை எடுத்துவந்து வைக்கும்படி இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்.

மின்படியால் கிடைக்கும் பெரிய பலன் எது என்று கேட்டால், பிரிண்ட் எடுக்கும் வசதியைச் சொல்ல மாட்டேன். தேடும் வசதியைத்தான் சொல்வேன். அதைக் கற்றுக்கொடுத்தது ஏற்காட்டில் பட்ட அவமானம்.

ஒரு மே மாதம், ஏற்காட்டில் ஒரு மண்டபத்தில் எங்கள் நாடகம். கடைசிக் காட்சியில் மூத்த மகள் “போதும்” என்பாள், விளக்கு முழுவதும் அணைய வேண்டும். என் பிரதியில் ‘போதும் – லைட் ஆஃப்’ என்று எழுதியிருந்தேன். விளக்குப் பலகையில் இருந்த தம்பியிடம் வேறொரு ஜெராக்ஸ் இருந்தது. மகள் “போதும்” என்றாள். விளக்கை மாற்றச் சொல்லும் குறியாக நான் “போ” என்றேன். அவன் அணைத்தான். ஆனால் அது முதல் ‘போதும்’. அந்தக் காட்சியில் அந்தச் சொல் மூன்று முறை வருகிறது. நாங்கள் எண்ணியது மூன்றாவதை. இன்னும் பதினோரு வரி வசனம் பாக்கி இருந்தது. அம்மா வேடம் கட்டியவர் இருட்டில் நின்றபடி தன் வரிகளை நிறுத்தாமல் சொல்லி முடித்தார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பார்த்தவர்கள் அது நாடகத்தின் உத்தி என்று நினைத்துக் கைதட்டினார்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பிரதி கணினியில் இருந்திருந்தால் அரை நிமிட வேலை. க்யூ சொல்லை, அதாவது விளக்கையோ ஒலியையோ எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கு அடையாளமாக வைத்த சொல்லைத் தேடுங்கள். அது அந்தக் காட்சியில் ஒருமுறைதான் வருகிறதா என்று பாருங்கள். இரண்டாம் முறை வந்தால், அதற்கு முந்தைய மூன்று நான்கு சொற்களையும் சேர்த்துக் க்யூவாக எழுதுங்கள்: ‘இந்த வீட்டுச் சாவி எனக்கு வேண்டாம், போதும்’. இதைப் போலவே ஒவ்வொரு பொருளின் பெயரையும் தேடிப் பாருங்கள். கைத்தடி, கடிதம், காபி டம்ளர் என்று எது எந்தக் காட்சியில் தலைகாட்டுகிறதோ அதையெல்லாம் வரிசையாக எடுத்து எழுதினால், பொருள் பட்டியல் தானாகத் தயாராகிவிடும். பாத்திரத்தின் பெயரைத் தேடினால் யார் எந்தக் காட்சியில் வருகிறார், எந்த ஒத்திகைக்கு யாரை அழைக்க வேண்டாம் என்பதும் தெரியும். பவர்லூமில் ஷிப்டு முடித்து வரும் ஒருவரை வேலையே இல்லாத காட்சிக்கு வரவழைத்து மூன்று மணி நேரம் உட்காரவைப்பது பெரிய பாவம். அந்தப் பாவத்தை நான் செய்திருக்கிறேன்.

இனி செய்முறை.

முதலில் எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கவே அடிக்காதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறும், தேடவும் முடியாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அடியுங்கள். விசைப்பலகை உங்கள் விருப்பம். நான் தட்டச்சுப் பள்ளியில் கற்ற பழைய முறையிலிருந்து, 1999-இல் வந்த தமிழ் 99-க்கு மாறிக்கொண்டேன். ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் புள்ளி தானாக விழும், விரலுக்குச் சுகம். ஒரே ஒரு எச்சரிக்கை: ‘ஔ’ என்ற எழுத்தை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாக அடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ‘ஔவை’ என்று தேடினால் ‘ஒளவை’ அகப்படாது. ஒரு பாத்திரத்தின் பெயரே அப்படி இருந்தால் உங்கள் அட்டவணை முழுவதும் தவறாகிவிடும்.

குரலில் சொல்லித் தட்டச்சு செய்வதும், படம் பிடித்து எழுத்தாக மாற்றுவதும் இப்போது எளிது. அச்சுப் பக்கத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழையும் படித்துத் தருகிறது. ஆனால் துணைக்காலை ‘ர’ என்றும், ‘ர’வைத் துணைக்கால் என்றும் மாற்றிப் படிக்கும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான நூல் என்றால் இன்னும் சிரமம். பழைய ‘ணை’, ‘லை’, ‘றா’ வடிவங்களில் தடுமாறி வேறு எதையாவது போட்டுவைக்கும். கையெழுத்து என்றால் முயலவே வேண்டாம். குரல் தட்டச்சின் குறை வேறு. நம் பக்கத்துப் பேச்சு வழக்கு அதற்குப் பிடிபடுவதில்லை. ‘போகோணும்’ என்று ஆசிரியர் எழுதியிருப்பார், அது ‘போகணும்’ ஆகிவிடும். செல்போன் விசைப்பலகையின் சொல் பரிந்துரையும் இதே வேலையைச் செய்யும். அதை நிறுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தட்டச்சு செய்பவருக்கு ஒரு எழுத்தைக்கூடத் திருத்தும் உரிமை கிடையாது. கடையில் பத்திரிகை அடிக்கும்போது சந்திப்பிழையைத் திருத்துவது என் கை தானாகச் செய்யும் வேலை. நாடகப் பிரதியில் அந்தக் கையைக் கட்டிப்போட வேண்டியிருக்கிறது. ‘அக்கட்டால போ’ என்று ஒரு கிழவி சொன்னால் அப்படியே இருக்க வேண்டும். மூன்று புள்ளி வைத்த இடத்தில் மூன்று, ஐந்து வைத்த இடத்தில் ஐந்து. ஒருமுறை ஆசிரியரிடம் கேட்டேன், இந்த ஐந்து புள்ளி கைத்தவறா என்று. “இல்லை அக்கா, அங்கே அவள் அழுகையை விழுங்குகிறாள்” என்றார். பிழை என்று உறுதியாகத் தோன்றினால் அந்தச் சொல்லுக்கு மஞ்சள் வண்ணம் பூசி வைத்து, மொத்தமாக ஆசிரியரிடம் கேளுங்கள். நான் கொண்டுபோன பட்டியலில் இருபத்தாறு இடங்கள் இருந்தன. அவர் பிழை என்று ஒப்புக்கொண்டது ஒன்பதை மட்டும்.

பக்க அமைப்பு: ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு, எழுத்தின் அளவு 14 பாயிண்ட், வரிகளுக்கு இடையே ஒன்றரை இடைவெளி. வலது ஓரத்தில் ஏழு சென்டிமீட்டர் வெற்றிடம். விளக்கு, ஒலி, திரை எல்லாவற்றின் க்யூவும் அங்கேதான் வரும். பாத்திரத்தின் பெயர் தடித்த எழுத்தில் இடது ஓரம், வசனம் சற்று உள்தள்ளி. மேடைக் குறிப்புகளைச் சாய்வெழுத்தில் போடாதீர்கள், தமிழுக்குச் சாய்வு அழகும் இல்லை, மங்கிய வெளிச்சத்தில் படிக்கவும் முடியாது. அடைப்புக்குறி போதும். எங்கள் மூத்த நடிகர் ஒருவருக்கு மட்டும் 18 பாயிண்டில் தனிப்படி. அவர் கண்ணாடியைத் தேடுகிற நேரம் மிச்சமாகிறது. மேடை மேலாளர் வைத்துக்கொள்ளும் பிரதியில் அச்சிட்ட பக்கத்துக்கு எதிரே வெற்றுப் பக்கம் வரும்படி ஃபைலில் கோத்துக்கொள்ளுங்கள். யார் எங்கிருந்து எங்கே நகர்கிறார் என்ற படம் அங்கே, பென்சிலில். பேனாவைத் தொடவே வேண்டாம்.

ஒவ்வொரு காட்சியும் புதிய பக்கத்தில் தொடங்கட்டும். தாள் செலவு கூடும் என்று தயங்காதீர்கள். இரண்டாம் காட்சியில் நான்கு வரி கூடினால், அதற்குப் பிறகுள்ள பக்கங்கள் அத்தனையும் நகர்ந்துவிடும். உங்கள் பென்சில் குறிப்பு எல்லாம் பழைய பக்கத்தில், வசனம் புதிய பக்கத்தில். இதைத் தவிர்க்கத்தான் பக்க எண்களை ஒரு கட்டத்துக்கு மேல் பூட்டிவிட வேண்டும். க்யூக்களைக் குறிக்கத் தொடங்கிய நாளிலிருந்து பக்க எண் மாறக் கூடாது. 12-ஆம் பக்கத்தில் வசனம் கூடினால் 12அ, 12ஆ என்று புதுத் தாள் செருகுங்கள். 17-ஆம் பக்கம் முழுவதும் நீக்கப்பட்டால் ‘17 – நீக்கம்’ என்று ஒரு வெற்றுத் தாள் இருக்கட்டும். பதினெட்டு பதினெட்டாகவே இருக்கும்.

மாற்றிய பக்கங்களுக்கு நிறத்தாள் பயன்படுத்துங்கள். முதல் திருத்தம் இளஞ்சிவப்பு, இரண்டாவது மஞ்சள், மூன்றாவது பச்சை. தலைப்பகுதியில் தேதி. ஆடி மாதம் வந்தால் எங்கள் குழுவில் பாதிப் பேர் பண்டிகையில் இருப்பார்கள். சேலத்தில் குகை என்ற பகுதியில் அலங்கார வண்டிகள் ஊர்வலமாக வரும் ‘வண்டி வேடிக்கை’யில் சாமி வேடம் கட்டப் போனவர் இரண்டு ஒத்திகைக்கு வரவில்லை. திரும்பி வந்தவர் கையில் பழைய வெள்ளைத் தாள். மற்ற எல்லோரிடமும் அந்தப் பக்கம் மஞ்சள். வட்டமாக உட்கார்ந்தபோதே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, வாயைத் திறப்பதற்கு முன்பே தாளை மாற்றிக் கொடுத்தேன். கோப்பின் பெயரிலும் தேதி இருக்கட்டும். ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்றெல்லாம் பெயர் வைத்தால் எது கடைசி என்று பிறகு யாருக்கும் தெரியாது. குழுவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது பி.டி.எஃப். மட்டும். திருத்தக்கூடிய கோப்பு உங்களிடமும் ஆசிரியரிடமும் மட்டும் இருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் தங்கள் வசனத்தைச் சரிசெய்துகொள்ளத் தொடங்கினால் நாடகம் ஒன்றாக இருக்காது.

எப்போது தட்டச்சு செய்யக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறார், ஒத்திகையில் நடிகர்கள் பேசிப் பேசித்தான் காட்சி உருவாகிறது என்றால் பொறுங்கள். அந்த நாட்களில் நோட்டும் பென்சிலும் போதும். அச்சிட்ட தாளைப் பார்த்தவுடன் நடிகர்கள் ‘இனி மாறாது’ என்று நினைத்துவிடுகிறார்கள், புதிதாக எதையும் முயல்வதில்லை. ஒரு காட்சி மூன்று ஒத்திகையில் ஒரே மாதிரி நின்ற பிறகு அதை அடியுங்கள்.

இப்போது அச்சு நூல்களுக்கு வருகிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, ஒரு படைப்பை மின்வடிவில் சேமித்து வைப்பதும் படியெடுப்பதுதான். ஆசிரியரின் வாழ்நாளும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை இருக்கிறது. பயில்முறைக் குழு, டிக்கெட் இல்லாமல் நடத்துகிறோம் என்றால் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் அது மேடையில் நடத்துவதற்கான விலக்கு. நூல் முழுவதையும் தட்டச்சு செய்து பதினைந்து பேருக்கு அனுப்புவதற்கு அதைச் சாக்காகச் சொல்ல முடியாது. எனவே ஆசிரியரிடமோ பதிப்பகத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள், ஒரு மின்னஞ்சல் போதும். 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகம் என்றால் காலம் கடந்துவிட்டது. அண்ணாவின் எழுத்துகளைப் போல அரசு நாட்டுடைமையாக்கியவற்றுக்கும் தடை இல்லை. மொழிபெயர்ப்பு என்றால் கவனம்: மூல ஆசிரியர் மறைந்து முந்நூறு ஆண்டு ஆகியிருக்கலாம், மொழிபெயர்த்தவருக்கு உரிமை தனியாக உண்டு.

அனுமதி கிடைக்கவில்லையா? நூலை ஆளுக்கொன்று விலைக்கு வாங்குங்கள். எழுதுகிறவருக்கு நாலு காசு போய்ச் சேரட்டும். மேடை மேலாளருக்கு மட்டும் இரண்டு படிகள் வேண்டும். பக்கங்களைப் பிரித்து, ஒரு படியிலிருந்து ஒற்றைப்படைப் பக்கங்களையும் மற்றதிலிருந்து இரட்டைப்படைப் பக்கங்களையும் எடுத்து ஏ4 தாளின் நடுவில் ஒட்டுங்கள். சுற்றிலும் க்யூ எழுத இடம் கிடைத்துவிடும். கணினி வருவதற்கு முன் எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள், இப்போதும் நன்றாகவே உதவுகிறது.

நிகழ்ச்சி நாளன்று பக்கத்திரை மறைவில் உங்கள் கையில் இருக்க வேண்டியது காகிதம்தான். டேப்லெட்டின் வெளிச்சம் முகத்தில் அடிக்கும், முன்வரிசையில் இருப்பவருக்குத் தெரியும். விரல் தவறிப் பட்டால் பக்கம் ஓடிவிடும். நீலத் தாள் சுற்றிய சிறிய டார்ச்சும் ஃபைலும் போதும். மலையில் நாடகம் என்றால் ஒவ்வொரு தாளையும் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ஏற்காட்டு மூடுபனியில் தாள் ஒரு மணி நேரத்தில் துணிபோலத் துவண்டுவிடும், பென்சில் பதியாது.

அந்த ஃபைலையும் முழுவதும் நம்பிவிடாதீர்கள். இன்னொரு வருடம் ஏற்காட்டில் நாடகம் முடிந்து, பஸ் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, பழைய சினிமா ஸ்டூடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைத் தாண்டும்போது பையைத் தடவிப் பார்த்தேன். ஃபைல் இல்லை. மறுநாள் மாலை சேலத்தில் அதே நாடகம். வசனம் முழுவதும் கணினியில் இருந்தது, இரவே அச்சிட்டுவிட்டேன். ஆனால் அறுபத்தெட்டு க்யூவும், நகர்வுப் படங்களும் மேலே மண்டபத்து நாற்காலியில் கிடந்தன. விளக்குத் தம்பியையும் இசைக்காரரையும் காலை ஏழு மணிக்குக் கடைக்கு வரவழைத்து, நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எழுதினோம். அறுபத்து மூன்றைத்தான் மீட்க முடிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும், பாயைச் சுருட்டுவதற்கு முன், பென்சில் குறிப்புள்ள பக்கங்களைச் செல்போனில் படம் பிடித்துத் தேதி போட்டு வைத்துவிடுகிறேன். நாற்பது பக்கத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

நாடகம் அரங்கேறிய பிறகு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கும். மேடையில் உண்மையில் பேசப்பட்ட வசனம் எது என்று பார்த்து, ஆசிரியர் ஒப்புக்கொண்ட மாற்றங்களை மட்டும் சேர்த்து, மின்படியை ஒருமுறை சரிசெய்யுங்கள். ‘அரங்கேறிய பிரதி’ என்ற பெயரோடு தேதியும் ஊரும் போட்டு ஆசிரியருக்கு அனுப்புங்கள், ஒரு அச்சுப்படியையும் கொடுங்கள். அந்த 192 பக்க நோட்டைப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, கிழிந்த இரண்டு பக்கங்களை ஒட்டி, அச்சுப்படியோடு சேர்த்து அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் காட்சியைத் திறந்து, தான் வரைந்த அம்புக்குறியின் மேல் விரலை ஓட்டியபடி, எதிரே அச்சில் அந்த வசனம் ஒரே பத்தியாக இருப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் இன்னொரு நோட்டை எடுத்துவந்தார்.